பதினேழாம் கிணற்றுப் பாசியும் மேட்டு நிலத்து எலியும்

போன செவ்வாய்க்கிழமை கீர்த்தனா வாட்ஸப்புல ஒரு போட்டோ அனுப்பிச்சா. வேலூர்ல நான் வேலை பார்த்த காலேஜ் ஆய்வுக்கூடத்துல இப்போ என் இடத்துல இருக்கிற பொண்ணு அவ. பழைய ஃபைல் எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணிட்டுத் தூக்கிப் போடப் போறாங்களாம். இனிமே கிணத்துக்குள்ள ஒரு கருவியை இறக்கினா போதுமாம், எல்லாம் நேரா போன்லயே வந்து விழுமாம். ரொம்ப சந்தோஷம். நாங்க பஸ்ஸுக்கு நின்னு காலு வீங்கினதெல்லாம் அவளாவது பட வேணாம்.

போட்டோவுக்குக் கீழ ரெண்டு கேள்வி. "மேம், பதினேழாம் நம்பர் கிணத்துத் தாள்ல பாசின்னு போட்ட காலத்தை மட்டும் சிவப்புப் பென்சில்ல அடிச்சு, பக்கத்துல உங்க கையெழுத்து இருக்கே, ஏன்? அப்புறம் பாசியையும் எலியையும் எதுக்கு மேம் கம்பேர் பண்ணீங்க? லாஜிக்கே இல்லையே!" கடைசியில சிரிக்கிற பொம்மை ரெண்டு.

அந்தப் பொம்மையைப் பார்த்ததுல இருந்து எனக்குச் சோறு இறங்கல. கணியம்பாடி வீட்டுல வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துக்கிட்டே இருக்கிறேன். அடுப்புல பாலை வெச்சிட்டு வந்து பொங்க விட்டுட்டேன், ரெண்டு தடவை. என் வீட்டுக்காரர் பேப்பரை மடிச்சு வெச்சிட்டுக் கேக்கிறார், "இன்னா எஸ்தர், எதையாவது தொலைச்சிட்டியா?" ஆமான்னு சொன்னேன். எதைன்னு அவர் கேக்கல, நானும் சொல்லல. அதான் எழுதிடலாம்னு உக்காந்துட்டேன்.

முதல்ல லாஜிக்கைச் சொல்லிடறேன், அது இல்லாம எங்க ஜுபைதா மேடத்தைப் பார்த்து யாரும் சிரிச்சிடக்கூடாது.

நான் தாவரவியல் படிச்சவ. படிப்பு முடிஞ்சு அந்த ஆய்வுக்கூடத்துல சேர்ந்து மூணு வருஷம் கண்ணாடிக் குடுவை கழுவினதுதான் என் பயிற்சி. அதைப் பத்திச் சொல்ல வேற ஒண்ணும் இல்ல. அப்புறம்தான் ஜுபைதா மேடம் எங்களுக்குத் தலைவியா வந்தாங்க. ஆம்பூர்க்காரங்க. வீட்டுல உருது, எங்ககிட்ட தமிழ், கோவம் வந்தா ரெண்டுமே கிடையாது, வாயை மூடிக்கிட்டு கண்ணாடியைக் கழட்டித் துடைப்பாங்க. அந்தத் துடைப்புக்கு ஆபீஸே நடுங்கும். குரலை உசத்தி நான் ஒரு நாளும் கேட்டதில்ல. "ஜாஸ்தி பேசாத எஸ்தர், எழுது." தினமும் இதை நாலு தடவையாவது கேப்பேன்.

ஆத்தோரத்து ஊர்கள்ல தோல் பதனிடுற கழிவு எந்தெந்தக் கிணத்துல இறங்கியிருக்குன்னு பார்க்கிறதுதான் எங்க வேலை. தோலுக்குப் போடற குரோமியம் இருக்கா இல்லையா, அவ்வளவுதான். தண்ணியை எடுத்துச் சோதிச்சாப் போதாதான்னு நானும் முதல்ல கேட்டேன், கீர்த்தனா மாதிரியே. மேடம் சொன்னாங்க, "தண்ணி இன்னைக்கு இருக்கிறதைத்தான் சொல்லும். நேத்து மழை பெஞ்சிருந்தா, சுத்தமா இருக்கேன்னு பல்லை இளிக்கும். போன வருஷம் என்ன இருந்துச்சுன்னு அதுக்கு ஞாபகம் கிடையாது. ஞாபகம் இருக்கிற ஆளைத் தேடு."

ஞாபகம் இருக்கிற ஆள் ரெண்டு பேர். ஒண்ணு சுவத்துப் பாசி. தண்ணியில வழுக்குமே அது இல்ல, கிணத்துக் கல்லுல பச்சை வெல்வெட்டு மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்குமே, அது. ஹையோஃபில்லான்னு லத்தீன்ல பேரு. அதுக்கு வேர்னு ஒண்ணு உறிஞ்சறதுக்குக் கிடையாது, இலையாலயே குடிக்கும். குடிச்சதுல உலோகம் இருந்தா உள்ளேயே வெச்சுக்கும். வெயில் காலத்துல இலையைச் சுருட்டிக்கிட்டுச் செத்துப்போன மாதிரி கெடக்கும். மேடம் ஒரு சொட்டுத் தண்ணி விட்டு பூதக்கண்ணாடியைக் குடுப்பாங்க. நாம பார்த்துக்கிட்டு இருக்கும்போதே ஒவ்வொரு இலையா விரியும். "பார்த்தியா நடிப்பை!"ன்னு சிரிப்பாங்க. அவங்க சிரிக்கிறது அதுக்கு மட்டும்தான்.

இன்னொண்ணு வரப்பெலி. அது ஓடுற ஜாதி. அந்த வயல்ல விளைஞ்சதைத் தின்னு, அந்தத் தண்ணியைக் குடிச்சு, ஒரு வருஷமோ கொஞ்சம் கூடவோதான் வாழும். அதோட ஈரல்லயும் சிறுநீரகத்துலயும் அந்த ஒரு போகத்துக் கதை இருக்கும். பாசி நகராது, பல வருஷத்தைச் சொல்லும், ஆனா அதுக்கு ரத்தம் கிடையாது, சதை கிடையாது. எலி நம்மள மாதிரி உடம்பு, வயித்துக்குள்ள போனது என்ன பண்ணுதுன்னு சொல்லும், ஆனா ஊர் சுத்தும். ஒண்ணுகிட்ட இருக்கிறது இன்னொண்ணுகிட்ட இல்ல. அதனால மேடம் ஒரு தாள்ல ரெண்டு காலம் போட்டாங்க, இடது பக்கம் பாசி, வலது பக்கம் எலி. "ரெண்டும் ஒரே பதில் சொன்னா எழுதிக் குடு. வேற வேற சொன்னா திரும்பப் போ." இதுதான் கீர்த்தனா கேட்ட லாஜிக்.

எடுக்கிற முறையிலயும் அவங்க ரொம்பக் கறார். தண்ணி மட்டத்துக்கு மேல ஒரு கை நீளத்துல, நிழல் பக்கத்துச் சுவத்துல, ரெண்டு விரல் பிடிக்கிற அளவு பாசி. கை படக்கூடாது. முக்கியமா எவர்சில்வர் எதுவும் படக்கூடாது, ஏன்னா எவர்சில்வர்லயே குரோமியம் இருக்கு. நாம தேடுற திருடனையே கூட்டிக்கிட்டுப் போய் வீட்டைச் சோதனை போடற மாதிரி ஆயிடும். அதனால மூங்கில் சிம்புதான். அந்தச் சிம்பை மேடம் சனிக்கிழமை சாயங்காலம் தானே உக்காந்து சீவுவாங்க. பிளேடு வெச்சு இல்ல, பிளேடும் இரும்பு ஜாதிதானேன்னு உடைஞ்ச கண்ணாடித் துண்டால சுரண்டிச் சுரண்டிக் கூர் பண்ணுவாங்க. பைத்தியம்னு நாங்க பின்னாடி பேசிக்குவோம்.

இன்னொரு பழக்கமும் உண்டு, அது எந்தத் தாள்லயும் எழுதினது இல்ல. சோதனைக்குப் போற வீட்டுல நாங்க தண்ணி குடிக்க மாட்டோம். எனக்கு முன்னாடி இருந்தவங்க சொல்லிக் குடுத்தது. பையில பாட்டில் இருக்கும். யாராவது சொம்பை நீட்டினா, "இப்பத்தான் டீ குடிச்சோம்"னு சொல்லிடணும்.

பதினேழாம் கிணறு மல்லிகாவோடது. ஊர் பேரு வேணாம், ஆம்பூர் பக்கம்னு வெச்சுக்கோங்க. அப்போ நாப்பத்தஞ்சு வயசு இருக்கும் அவங்களுக்கு, என் வயசைவிட ஒண்ணு ரெண்டு கூட. வீட்டுக்காரர் ஷூ கம்பெனியில வேலை, நெல்லும் மாடும் அந்தம்மா பொறுப்பு. பொண்ணு செல்வி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்துச்சு, ஏழாம் மாசம். நான் போய் நின்னதுமே மல்லிகா கேட்டுட்டாங்க.

"டீச்சர், எனக்கு இந்தப் பாசி, எலி எல்லாம் தெரியாது. ஊர்ல ஒருத்தன் குடிக்கலாங்கிறான், ஒருத்தன் கூடாதுங்கிறான். பேஜாரா இருக்குது. நாலு மாசமா கேன் தண்ணி வாங்கறோம். கைக்கொழந்தை வந்துடுச்சுன்னா எவ்ளோ கேன் வாங்க? குடிக்கலாமா, கூடாதா? ஒரே வார்த்தை சொல்லுங்க."

"சொல்றோம்மா, ரிசல்ட் வரட்டும்"னேன். சொம்புல தண்ணி கொண்டாந்தாங்க. இப்பத்தான் டீ குடிச்சோம்னு சொன்னேன்.

அன்னைக்குக் கிணத்துப் படியில இறங்கிப் பாசி எடுக்கும்போது என் மூங்கில் சிம்பு ரெண்டும் கை தவறித் தண்ணிக்குள்ள போயிடுச்சு. திரும்ப வேலூர் போயி இன்னொரு நாள் வரணும். மேடம் கண்ணாடியைத் துடைப்பாங்க. பையில டிபன் பாக்ஸ் இருந்துச்சு, அதுல ஸ்பூன் இருந்துச்சு. எவர்சில்வர். சட்டுனு எடுத்துக் கல்லோட சேர்த்து ஒரு சுரண்டு சுரண்டி கவர்ல போட்டேன். ஸ்பூனைப் புடவையில துடைச்சு உள்ள வெச்சிட்டேன். ஒரு சுரண்டுக்கு என்ன ஆயிடப் போவுதுன்னு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன்.

மேல ஏறி வந்தா, எலி பிடிக்கிற மாரி வரப்புல வளையைத் தோண்டிக்கிட்டு இருக்கார். கலவை ஊர்க்காரர், எங்களுக்குப் பத்து வருஷமா எலி பிடிச்சுத் தர்றவர். வளைக்குள்ள ஒரு தாயும் வளர்ந்த குட்டி மூணும் மாட்டிக்கிச்சு. மாரி மண்ணைக் கிளறிக்கிட்டே சொன்னார், "எஸ்தரம்மா, இது இந்த வயலு எலி இல்லம்மா. மேட்டு நெலத்து எலி. இங்க பாரு."

பார்த்தேன். வளைக்குள்ள ஒரு குத்து வேர்க்கடலைத் தோல் கெடந்துச்சு. வரப்புக்கு அந்தப் பக்கம் மேடு, மானாவாரிக் கடலை.

ஸ்பூன் விஷயம் மண்டையில ஓடிக்கிட்டு இருக்கு, பஸ்ஸுக்கு நேரம் ஆவுது, எனக்கு எரிச்சல். "எலிக்கு இன்னா மாரி, பட்டாவா எழுதி வெச்சிருக்குது? வயலு ஓரத்துல இருந்தா வயலு எலிதான். பைய மூடுங்க"ன்னேன். அவரும் சிரிச்சார், நானும் சிரிச்சேன். மூடிட்டார்.

ரிசல்ட் வந்துச்சு. தண்ணி சுத்தம், முந்தின வாரம்தான் மழை. எலி நாலும் சுத்தம். பாசியில மட்டும் குரோமியம் ஏகத்துக்கும் இருந்துச்சு. மேடம் தாளை மேசை மேல வெச்சிட்டு ரொம்ப நேரம் பார்த்தாங்க. "திரும்பப் போ."

போனேன். கிணத்தை எட்டிப் பார்த்தேன். சுவரு முழுக்க வெள்ளை வெளேர்னு சுண்ணாம்பு. ஒரு நகக்கண் பாசி இல்ல. மல்லிகா பெருமையா நிக்கிறாங்க. "நீங்க வந்து பாசியைச் சொரண்டினீங்க இல்ல, எனக்கு வெக்கமா பூடுச்சு டீச்சர். வெளியூர்லருந்து வந்து நம்ம கெணத்து அழுக்கைச் சொரண்டறாங்களேன்னு. ஆளு வெச்சுத் தேய்ச்சு சுண்ணாம்பு அடிச்சிட்டோம். இப்போ பாருங்க, எப்புடி கீது!"

அந்தம்மாவைத் திட்ட முடியுமா? பாசி எதுக்குன்னு நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தொட்டிருக்க மாட்டாங்க. நான் சொல்லல.

பஸ்ல வரும்போதே முடிவு பண்ணிட்டேன். நேரா மேடம் ரூமுக்குப் போயி கதவைச் சாத்திட்டு எல்லாத்தையும் கொட்டினேன். ஸ்பூன், சுண்ணாம்பு, எல்லாம். அழுதேன்னும் சொல்லணும். மேடம் கண்ணாடியைக் கழட்டினாங்க. துடைக்கல. அப்படியே கையில வெச்சிருந்தாங்க.

"ஸ்பூனால எடுத்த பாசியை நான் நம்ப முடியாது எஸ்தர்."

"தெரியும் மேடம்."

"நீ வந்து சொன்னது பெரிய விஷயம். சொல்லாம இருந்திருந்தா ஒரு நல்ல கிணத்தைக் கெட்டதுன்னு எழுதியிருப்போம்."

அப்புறம் சிவப்புப் பென்சிலை எடுத்து பாசி காலத்துல ஒரே ஒரு கோடு. மேடம் எதையும் அழிக்க மாட்டாங்க, கோடு போடுவாங்க, தப்புப் பண்ணவங்க பக்கத்துல கையெழுத்துப் போடணும். போட்டேன். மிச்சம் இருந்தது எலி காலம். எலி நாலும் நல்லா இருக்குன்னு சொல்லுது, தண்ணியும் அதையே சொல்லுது. புதுப் பாசி வளர ஒரு மழைக்காலமாவது ஆகும், செல்விக்கு எட்டாம் மாசம் பொறந்தாச்சு, மல்லிகா பக்கத்து வீட்டுப் போன்ல இருந்து வாரத்துக்கு ரெண்டு தடவை கூப்பிடறாங்க. மேடம் யோசிச்சு யோசிச்சு, கடைசியில எழுதிக் குடுத்தாங்க. குடிக்கலாம்.

அந்தக் கடுதாசியைக் குடுக்க நானும் மேடமும் ஜீப்புல போனோம். அன்னைக்கு மல்லிகா மொகத்தைப் பார்க்கணுமே! "அப்பாடா, இனிமே கேன்காரன் மூஞ்சியில முழிக்க வேணாம்!"னு செல்வியைக் கூப்பிட்டுக் காட்டினாங்க. உள்ள ஓடிப்போய் சொம்புல தண்ணி கொண்டாந்தாங்க. ஜீப்பு நிக்குதும்மா, நேரம் ஆச்சுன்னு கிளம்பிட்டோம். எனக்கு அன்னைக்கு மனசு எவ்வளவு லேசா இருந்துச்சு தெரியுமா? உண்மையைச் சொல்லிட்டோம், ஒரு குடும்பத்தைக் காப்பாத்திட்டோம்னு வீட்டுக்கு வந்து கேசரி கிண்டினேன். வெக்கமில்லாம ரெண்டாவது தடவை போட்டு வேற சாப்பிட்டேன்.

ரெண்டு மழைக்காலம் போச்சு. எனக்கு அந்தக் கிணறு மனசுல அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. ஏன்னு சொல்லத் தெரியல. யாரும் அனுப்பல, நானே ஒரு நாள் லீவு போட்டுட்டு, மேடம் சீவின சிம்பு நாலு எடுத்துக்கிட்டுப் போனேன். சுண்ணாம்பு உதிர்ந்து பாசி மறுபடி பிடிச்சிருந்துச்சு. மல்லிகா வீட்டுல செல்வியோட குழந்தை தத்தித் தத்தி நடந்துக்கிட்டு இருந்துச்சு. செல்வி புருஷனுக்கு ஆம்பூர்லயே வேலை கெடைச்சு இங்கேயே தங்கிட்டாங்களாம். அடுப்படியில பால் பவுடர் டப்பா. கிணத்துத் தண்ணியைக் காய்ச்சி ஆத்தி அதுல கலக்கிறாங்க. காய்ச்சினா கிருமிதான் சாவும், குரோமியம் எங்கயும் போவாது. ரொம்ப ஒழுங்கா மூங்கில் சிம்பால பாசி எடுத்தேன்.

அந்த ரிசல்ட்டும் முதல்ல வந்த மாதிரியேதான் வந்துச்சு. ஸ்பூன் பெருசா எதையும் சேர்த்திருக்கல. பாசி முதல் நாளே சரியாத்தான் சொல்லியிருக்கு.

மேடம் ரெண்டு தாளையும் பக்கத்துல பக்கத்துல வெச்சாங்க. "பாசி சரின்னா எலி எப்படி சுத்தமா இருக்கும்? மாரியைக் கூப்பிடு."

மாரி வந்தார். மேடம் கேட்டதும் அவர் என்னைத்தான் பார்த்தார், அவங்களைப் பார்க்கல. "அன்னைக்கே எஸ்தரம்மாகிட்ட சொன்னேனே மேடம். அது மேட்டு நெலத்து எலின்னு. கடலையைத் தின்னுட்டு இங்க வந்து வளை போட்டுதுன்னு."

மேடம் என் பக்கம் திரும்பினாங்க. "கடலைத் தோல் இருந்துச்சா?"

"இருந்துச்சு மேடம்."

"ஏன் எழுதல?"

"ஃபார்ம்ல அதுக்கு இடம் இல்ல மேடம்."

சொல்லி முடிக்கும்போதே எனக்கு என் நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு. மேடம் கோவப்படல. "ஓரத்துல எழுதியிருக்கலாமே எஸ்தர்." அப்புறம் தனக்குத்தானே சொல்லிக்கிற மாதிரி, "நாலு எலின்னு நெனச்சேன். நாலும் ஒரே வளை, ஒரே தாய். நானும் கேக்கல"ன்னாங்க. கிணத்துத் தண்ணியே பாயாத மானாவாரி நிலத்துக் கடலையைத் தின்ன எலிக்கு அந்தக் கிணத்தைப் பத்தி என்ன தெரியும்? அது கண்டதை அது சொல்லிச்சு. அதை மல்லிகா கிணத்துக்குச் சாட்சியா எழுதினது நாங்க.

கீர்த்தனா, நீ கேட்ட அந்தச் சிவப்புக் கோடு இதுதான். அடிச்சிருக்க வேண்டியது வலது பக்கத்து எலி காலம். நான் பெரிய தப்புன்னு நெனச்சு அழுதது ஸ்பூனுக்கு. மாரி சொன்னதுக்குச் சிரிச்சிட்டு வந்தேனே, அதுதான் தப்பு. இது எல்லாம் அடுத்த வருஷத்து ஃபைல்ல இருக்கு, மேடம் கையெழுத்துலயே. அதைத் தூக்கிப் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை படி. கருவி வந்தா வரட்டும். அதை இறக்கும்போது பக்கத்துல நிக்கிறவங்க ஏதாவது சொன்னா, பஸ்ஸுக்கு நேரம் ஆச்சுன்னு மட்டும் சொல்லாத.

மாரி வந்துட்டுப் போன மறுநாளே நானும் மேடமும் மல்லிகா வீட்டுக்குப் போனோம். வேற ஆளை அனுப்பலாம்னு ஆபீஸ்ல சொன்னாங்க, மேடம் கேக்கல. வாசல்ல நின்னபடியே சொன்னாங்க, "மல்லிகாம்மா, நாங்க எழுதிக் குடுத்தது தப்பு. இந்தத் தண்ணி குடிக்கக் கூடாது. தப்பு எங்களோடது." சுத்தி வளைக்கல.

மல்லிகா ஒண்ணும் புரியாத மாதிரி சுவத்தைத் திரும்பிப் பார்த்தாங்க. அங்க எங்க கடுதாசி, லேமினேட் பண்ணி, காலண்டர் பக்கத்துல ஆணியில தொங்குது. செல்வி குழந்தையை இடுப்புல தூக்கிக்கிட்டு வந்து நின்னுச்சு. குழந்தை கையில, முழங்கை மடிப்புல, செவசெவன்னு ஒரு தடிப்பு. அது தண்ணியாலதான்னு எந்த டாக்டரும் எழுதிக் குடுக்கல. இல்லன்னும் எழுதிக் குடுக்கல. அந்தக் குழந்தை இன்னைக்குக் காலேஜ் போற வயசு. எப்படி இருக்குன்னு போய்க் கேக்க எனக்கு இது வரைக்கும் தைரியம் வரல.

திட்டுவாங்கன்னு எதிர்பார்த்தேன். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். மல்லிகா உள்ள போனாங்க. பழக்கம், வேற என்ன, வந்தவங்களுக்குத் தண்ணி குடுக்கிற பழக்கம், கையில சொம்போட வெளிய வந்தாங்க. வந்து பாதி வழியில நின்னுட்டாங்க. சொம்பைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க.

"முதல் தடவை வந்தப்போ டீ குடிச்சேன்னு சொன்னீங்க டீச்சர். சரின்னு வுட்டுட்டேன். நல்ல தண்ணின்னு கடுதாசி எடுத்தாந்தீங்களே, அன்னைக்கும் நீங்க குடிக்கல. நான்தான் அதைக் கவனிக்கல."

மேடம் படி ஏறி, சொம்பை வாங்கக் கையை நீட்டினாங்க. நிஜமாவே குடிச்சிருப்பாங்க, எனக்கு அவங்களைத் தெரியும்.

மல்லிகா குடுக்கல. சொம்பைச் சாய்ச்சு வாசல் மண்ணுல ஊத்தினாங்க. "வேணாம்மா. தெரிஞ்சு ஒருத்தருக்கு இதைக் குடுக்க எனக்கு மனசு வராது."